பி.எட். தத்துவப் பேப்பர் எழுதுறவங்களுக்கு: ஃப்ரோபெல் கட்டத்துக்கும் டூயி கட்டத்துக்கும் நடுவுல ஒரு கோடு போட்டிருக்கீங்களே, அதைப் பத்தி

பி.எட். தத்துவப் பேப்பருக்கு சிலபஸ் எழுதுற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும், அதுக்கு கைடு போடுறவங்களுக்கும், வருஷா வருஷம் கேள்வித்தாள் எடுக்கிறவங்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு சாதாரண ஸ்கூல் டீச்சர். பி.எட். முடிச்சு ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ என் தங்கச்சி பொண்ணு படிக்கிறா, போன வாரம் அவ நோட்டை சும்மா புரட்டினேன், பார்த்தா அதே டேபிள். நான் மனப்பாடம் பண்ணின அதே டேபிள், ஒரு வரி மாறல. இடது பக்கம் ஐடியலிசம், அதாவது மனசும் கருத்தும்தான் அடிப்படைங்கற கட்சி, அதுக்குக் கீழ பிளேட்டோ, ஜெர்மன் தத்துவக்காரர் ஹெகல், கிண்டர்கார்ட்டன் முறையைக் கொண்டு வந்த ஃப்ரோபெல். நடுவுல நேச்சுரலிசம், ரூசோ. வலது ஓரத்துல பிராக்மாட்டிசம், அதாவது ஒரு கருத்தை அதோட செயல் விளைவை வச்சுப் பாக்கணும்ங்கற கட்சி, அதுக்குக் கீழ அமெரிக்காக்காரங்க பியர்ஸ், ஜேம்ஸ், டூயி. அப்புறம் வேறுபாடுன்னு பத்து பாயிண்ட். ஐடியலிசத்துக்கு உண்மை மாறாதது, பிராக்மாட்டிசத்துக்கு உண்மை மாறும். அதுல ஆசிரியர் முக்கியம், இதுல அனுபவம் முக்கியம். அது ஜெர்மனி, இது அமெரிக்கா. அவ்ளோதான், பத்து மார்க்.

நான் படிச்ச காலத்துல ஒரு மாடல் எக்ஸாம்ல இந்தக் கேள்விக்கு டூயி முதல்ல ஹெகல் ஆளாத்தான் இருந்தாருன்னு ஒரு பத்தி சேர்த்து எழுதினேன், லைப்ரரியில எதேச்சையா படிச்சது. பேப்பர் திரும்பி வந்தப்போ அந்தப் பத்தி மேல சிவப்பு இங்க்ல ஒரு பெருக்கல் குறி, பக்கத்துல "குழப்பம்"னு ஒரு வார்த்தை, பத்துக்கு மூணரை. யாரு திருத்தினாங்கன்னு சொல்ல வேண்டாம், அவங்க மேல கோபமும் இல்ல, அவங்க கையில இருந்த கைடுல அப்படித்தான் இருந்துச்சு. ஆனா அந்த "குழப்பம்" மட்டும் மனசுல உக்காந்துக்கிச்சு. அதுக்கப்புறம் கிடைச்ச நேரத்துல எல்லாம் இதைத்தான் படிச்சேன். படிக்கப் படிக்க குழப்பம் என் பேப்பர்ல இல்ல உங்க டேபிள்லதான்னு தெரிஞ்சுது, அதான் இந்த மடல்.

கதையை ஹார்வர்டுல ஆரம்பிக்காம மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸ்ல ஆரம்பிக்கிறேன், ஏன்னு போகப் போகத் தெரியும். 1850கள்ல அந்த ஊர்ல ஜெர்மன்காரங்க கூட்டம் ஜாஸ்தி, 1848 புரட்சி தோத்துப்போய் ஓடி வந்தவங்களும் அதுல உண்டு. அங்க ஹென்றி பிராக்மையர்னு ஒருத்தர். பிரஷ்யாவுல பொறந்து சின்ன வயசுலயே கப்பலேறி வந்தவர், தோல் பதனிடுற வேலை, செருப்பு தைக்கிற வேலை, இரும்பு வார்ப்பட வேலைன்னு எல்லாம் பாத்தவர், நடுவுல கொஞ்ச காலம் காட்டுக்குள்ள குடிசை போட்டுக்கிட்டு வேட்டையாடிக்கிட்டே ஹெகல் படிச்ச மனுஷன். இவருகிட்ட வந்து மாட்டினவர் வில்லியம் டோரி ஹாரிஸ், யேல்ல படிப்பை பாதியில விட்டுட்டு ஷார்ட்ஹேண்ட் சொல்லிக்கொடுத்துப் பொழைக்கலாம்னு 1857ல அந்த ஊருக்கு வந்தவர். ஹாரிஸும் அவரோட சிநேகிதங்களும் கைக்காசு போட்டு பிராக்மையரை உக்கார வச்சு ஹெகலோட பெரிய லாஜிக் புத்தகத்தை இங்கிலீஷ்ல பெயர்க்கச் சொன்னாங்க. அந்த மொழிபெயர்ப்பு கையெழுத்துப் பிரதியாவே கை மாறி கை மாறி சுத்துச்சு, கடைசி வரைக்கும் அச்சு ஏறல. பிராக்மையர் அப்புறம் அரசியலுக்குப் போயி மாநிலத்துக்கே லெப்டினன்ட் கவர்னர் ஆனாரு, அது தனிக்கதை.

1866ல இவங்க ஒரு தத்துவ சங்கம் ஆரம்பிச்சாங்க. 1867ல ஹாரிஸ் ஒரு பத்திரிகை தொடங்கினாரு, ஊகத் தத்துவ இதழ்னு தமிழ்ல சொல்லலாம், ஸ்பெக்குலேட்டிவ் ஃபிலாசபி ஜர்னல். அவரு இங்கிலீஷ் தத்துவக்காரர் ஹெர்பர்ட் ஸ்பென்சரை விமர்சிச்சு எழுதின கட்டுரையை கிழக்குப் பக்கத்துப் பெரிய பத்திரிகை ஒண்ணு திருப்பி அனுப்பிடுச்சு, சரி போங்கடா நானே பத்திரிகை நடத்திக்கிறேன்னு இறங்கிட்டாரு. ஃபிக்டே, ஷெல்லிங், ஹெகல்னு ஜெர்மன் தத்துவக்காரங்க எல்லாரையும் இங்கிலீஷ்ல கொண்டு வர்றதுதான் நோக்கம்.

இப்போ இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. 1868ல, 69ல பர்ஸோட (உங்க டேபிள்ல பியர்ஸ்னு இருக்கறவர்) முதல் பெரிய தத்துவக் கட்டுரைகள் மூணு வந்தது இந்த ஹெகல் பத்திரிகையில. 1878ல வில்லியம் ஜேம்ஸ் ஸ்பென்சரோட மனசுக் கொள்கையை உடைச்சு எழுதின கட்டுரை வந்தது இதே பத்திரிகையில. 1882ல ஜான் டூயியோட முதல் தத்துவக் கட்டுரை வந்ததும் இதே பத்திரிகையில. உங்க டேபிள்ல வலது ஓரத்துல நிக்கிற மூணு பேரும் இடது ஓரத்து ஆளு நடத்தின பத்திரிகையிலதான் எழுதிப் பழகினாங்க. அதுல டூயி அப்போ பென்சில்வேனியாவுல ஆயில் சிட்டிங்கிற ஊர்ல ஹைஸ்கூல் வாத்தியாரா இருந்துட்டு, கட்டுரையை அனுப்பி, எனக்கு இந்த விஷயத்துல நேரம் செலவழிக்கிற அளவுக்கு சரக்கு இருக்கான்னு ஹாரிஸைக் கேட்டு லெட்டர் போட்டாரு. ஹாரிஸ் நல்ல வார்த்தை சொன்னாரு, டூயி ஸ்கூல் வேலையை விட்டுட்டு தத்துவம் படிக்கப் போனாரு. நம்மள மாதிரி ஒரு வாத்தியாருக்கு ஒரு ஹெகல்காரர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, அதுலதான் நீங்க கேள்வி கேக்குற டூயியே கிடைச்சாரு.

இன்னொண்ணு இருக்கு, இதுதான் பி.எட். ஆளுங்க முகத்துல அறையற விஷயம். இந்த ஹாரிஸ் வெறும் பத்திரிகைக்காரர் இல்ல, 1868லேர்ந்து 1880 வரைக்கும் செயின்ட் லூயிஸ் பள்ளிக்கூடங்களுக்கு சூப்பரின்டெண்டென்ட். அவரு காலத்துலதான் 1873ல சூசன் ப்ளோங்கிற அம்மா அந்த ஊர்ல அமெரிக்காவோட முதல் பொதுப்பள்ளி கிண்டர்கார்ட்டனைத் தொடங்கினாங்க, ஃப்ரோபெல் முறையில. ஃப்ரோபெல் ஜெர்மனியில யேனா யுனிவர்சிட்டியில படிச்சவர், ஷெல்லிங் அங்க வகுப்பு எடுத்துக்கிட்டிருந்த நேரம் அது. பிரஷ்யா அரசாங்கம் 1851ல கிண்டர்கார்ட்டனையே தடை பண்ணிடுச்சு, அந்த விதை அட்லாண்டிக் தாண்டி ஒரு ஹெகல்காரர் கையில வந்து விழுந்து அரசாங்க ஸ்கூல்ல முளைச்சுது. ஹாரிஸ் அப்புறம் 1889லேர்ந்து 1906 வரைக்கும் அமெரிக்காவுக்கே கல்வி கமிஷனர். ஃப்ரோபெலுக்கும் டூயிக்கும் ரெண்டு பக்கமும் கதவு திறந்து விட்ட இந்த ஆளு உங்க டேபிள்ல எந்தக் கட்டத்துலயும் இல்ல, ஏன்னா அவரை எந்தக் கட்டத்துல போட்டாலும் நடுவுல இருக்கற கோடு அழிஞ்சிடும்.

நியாயமா சொல்லணும்னா ஹாரிஸ் ஒண்ணும் டூயி மாதிரி இல்ல. ஒழுங்கு, பாடப்புத்தகம், ஒழுக்கம்னு இறுக்கமான மனுஷன், குழந்தையோட ஆர்வத்தை மையமா வைக்கிறதுல அவருக்கு ஒப்புதல் கிடையாது. பின்னாடி டூயி அவரைத் தாண்டிப் போயிட்டாரு. தாண்டிப் போறதுக்கும் எதிர்ப்பக்கத்துல பொறக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா, நான் கேக்குறது அது மட்டும்தான்.

இப்போ பர்ஸ். முதல்ல பேரு, பியர்ஸ் இல்ல, அவங்க குடும்பமே பர்ஸ்னுதான் சொல்லும், நம்ம கையில வச்சிருக்கோமே அந்த பர்ஸ். 1914ல அந்த மனுஷன் செத்தப்போ பர்ஸ்ல சல்லிக்காசு இல்ல, அது ஒரு கொடுமை. அப்பா ஹார்வர்டுல கணிதப் பேராசிரியர். பையன் ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட்டோட பெரிய புத்தகத்தை (தூய அறிவைப் பத்தின விமர்சனம்) தினமும் ரெண்டு மணி நேரம், மூணு வருஷத்துக்கு மேல, ஏறக்குறைய மனப்பாடம் ஆகுற வரைக்கும் படிச்சேன்னு அவரே பின்னாடி எழுதி வச்சிருக்காரு. நாம கைடையே ரெண்டு நாள்தான் படிக்கிறோம்.

பிராக்மாட்டிசம்ங்கற பேரே கான்ட் வீட்டுலேர்ந்து வந்தது. 1781ல வந்த அந்தப் புத்தகத்தோட கடைசிப் பகுதியில ஒரு இடத்துல கான்ட் ஒரு டாக்டரைக் காட்டுறாரு. நோயாளி உயிருக்குப் போராடுறாரு, டாக்டருக்கு என்ன நோய்னு உறுதியா தெரியல, ஆனா சும்மா நிக்க முடியாது, அறிகுறியைப் பார்த்து காசநோய்னு முடிவு பண்ணி வைத்தியத்தை ஆரம்பிக்கிறாரு, இன்னொரு டாக்டர் இதைவிட நல்லா கண்டுபிடிக்கலாம்னும் அவருக்குத் தெரியும். இப்படி உறுதி இல்லாட்டியும் செயலைத் தாங்கி நிக்கிற நம்பிக்கைக்கு கான்ட் வச்ச பேரு பிராக்மாட்டிக் நம்பிக்கை. அடுத்து இன்னும் ஒண்ணு சொல்றாரு, ஒருத்தன் எவ்ளோ உறுதியா பேசுறான்னு பாக்கணுமா, பந்தயம் கட்டச் சொல்லு. ஒரு டுகாட் காசுக்கு சரிம்பான், பத்து டுகாட்னா யோசிப்பான். டீக்கடையில "என்ன பெட்டு"ன்னு கேக்குறோமே அதேதான். நம்பிக்கையை அளக்கணும்னா நீ அதுக்காக என்ன செய்யத் தயாரா இருக்கேன்னு பாருங்கற யோசனை அப்பவே அங்க உக்காந்திருக்கு. 1905ல பர்ஸ் இந்தப் பேரை ஏன் எடுத்தேன்னு விளக்கும்போது, கான்ட்கிட்ட தத்துவம் கத்துக்கிட்டவனுக்கு ஜெர்மன்ல பிராக்டிஷ், பிராக்மாடிஷ் ரெண்டும் வட துருவம் தென் துருவம் மாதிரி, அதனாலதான் பிராக்டிசிசம்னு வைக்கலங்கறாரு. பிராக்மாட்டிசம்னா பிராக்டிகலா இருக்கறதுன்னு நம்ம கைடு போடுற முதல் வரியே, அவரு வேணாம்னு தூக்கிப் போட்ட அர்த்தம்.

அந்த 1868 கட்டுரைகள்ல அவரு சொல்றது என்னன்னா, எதையும் நடுவுல ஒண்ணும் இல்லாம நேரடியா "டக்"குனு அறிஞ்சிடுற சக்தி மனுஷனுக்குக் கிடையாது, ஒவ்வொரு எண்ணமும் முந்தின எண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது, குறிகள் இல்லாம யோசனையே இல்ல, அறியவே முடியாத ஒரு பொருள்ங்கற பேச்சுக்கு அர்த்தமே இல்ல. உண்மைங்கறது தனி ஆளு மண்டைக்குள்ள இல்ல, விசாரிச்சுக்கிட்டே இருக்கற ஒரு சமூகம் கடைசியில எங்க வந்து நிக்குமோ அது. இதுல பாதி கான்ட்டோட சண்டை, கான்ட்கிட்ட கத்துக்கிட்ட ஆயுதத்தை வச்சே. இன்னொரு பாதியைப் பாத்தா 1807ல ஹெகல் எழுதினது ஞாபகம் வரும். ஹெகல் என்ன பண்ணுவாருன்னா, "இப்போ ராத்திரி"ன்னு ஒரு பேப்பர்ல எழுதி வையிங்கறாரு. உண்மையை எழுதி வச்சா கெட்டா போகும்? மறுநாள் மத்தியானம் எடுத்துப் பாரு, அது ஊசிப்போயிருக்கும். கண்ணு முன்னாடி நிக்குதேன்னு நாம நம்புற "இது", "இப்போ", "இங்க" எல்லாமே நம்ம சொல்லுக்கும் பொதுவான கருத்துக்கும் உள்ள வந்துதான் நிக்குது, சும்மா கிடைக்கிறது ஒண்ணுமே இல்ல. பர்ஸ் இதை லாஜிக் பக்கமா வந்து பிடிச்சாரு, ஹெகலோட லாஜிக்கை கடுமையா திட்டவும் செஞ்சாரு. ஆனா அவரேதான் தன்னோட தத்துவம் ஹெகலை வேற வேஷத்துல எழுப்பி விடுதுன்னும் எழுதினாரு.

ஹாரிஸ் இங்கயும் சும்மா இருக்கல. நீ சொல்ற கொள்கைப்படி லாஜிக் விதிகள் ஏன் செல்லும்னு சொல்ல முடியுமா பாப்போம்னு பர்ஸை சவாலுக்கு இழுத்தாரு, மூணாவது கட்டுரை அந்த சவாலுக்குப் பதில்தான். எடிட்டர்னா இப்படி இருக்கணும்.

சரி, பர்ஸ் வயசானதும் மாறிட்டாரோன்னு கேப்பீங்க. மாறினாரு, இன்னும் உள்ள போனாரு. 1891ல அவரு எழுதினது, பிரபஞ்சத்தைப் பத்தி புரியிற மாதிரி இருக்கற ஒரே கொள்கை ஆப்ஜெக்டிவ் ஐடியலிசம்தான், ஜடப்பொருள்ங்கறது பழக்கம் இறுகி ஓய்ஞ்சுபோன மனசுங்கற மாதிரி. அடுத்த வருஷமே, நான் எழுத்தாளர் எமர்சன் கூட்டம் இருந்த கான்கார்ட் ஊருக்குப் பக்கத்துல வளர்ந்தவன், அவங்க ஷெல்லிங்கிட்டேர்ந்து வாங்கிட்டு வந்த நோய் எனக்குத் தெரியாமலே எனக்குள்ளயும் கொஞ்சம் தங்கிடுச்சு போலன்னு தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிறாரு. பிராக்மாட்டிசத்தோட அப்பா தன்னைத்தானே ஐடியலிஸ்ட்னு எழுதி வச்சிருக்காரு, நாம அவரை எதிர் கட்டத்துல போட்டு பத்து வேறுபாடு எழுதச் சொல்றோம்.

டூயி விஷயத்துக்கு வர்றேன், உங்களுக்கு அவருதானே முக்கியம். 1859ல வெர்மான்ட்ல பொறந்தவர். அந்த ஊர் யுனிவர்சிட்டியில அவருக்கு முன்னாடியே ஜேம்ஸ் மார்ஷ்னு ஒரு பிரசிடென்ட் இருந்தாரு, 1829ல இங்கிலீஷ் கவிஞர் கோல்ரிட்ஜ் புத்தகத்தை அமெரிக்காவுல பதிப்பிச்சவர், கான்ட் சரக்கு கோல்ரிட்ஜ் வழியா இந்தப் பக்கம் இறங்கினதுல அந்தப் பதிப்புக்குப் பெரிய பங்கு. 1882ல டூயி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போனாரு. அங்க லாஜிக் எடுத்தவர் யாரு தெரியுமா, நம்ம பர்ஸ், ஆனா அது ஒரே கணக்கா இருக்குன்னு டூயிக்குப் பிடிக்கல. ஒரே ரூம்ல குருவும் சிஷ்யனும் உக்காந்திருந்தும் அப்போ ஒண்ணும் நடக்கலங்கறது எனக்கு எப்பவும் வேடிக்கையா இருக்கும். டூயியைப் பிடிச்சு இழுத்தவர் ஜார்ஜ் சில்வெஸ்டர் மோரிஸ், பக்கா ஹெகல்காரர். மோரிஸ் 1889ல செத்துப்போனாரு, டூயி தன் பையனுக்கு மோரிஸ்னே பேரு வச்சாரு.

ஹெகல்ல அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு 1930ல அவரே எழுதியிருக்காரு. நியூ இங்கிலாந்துல வளர்ந்தவருக்கு உடம்பு வேற ஆத்மா வேற, உலகம் வேற கடவுள் வேற, நான் வேற நீ வேறன்னு எல்லாமே துண்டு துண்டா வலிச்சிருக்கு, ஹெகல் அதையெல்லாம் ஒண்ணா சேர்த்தது அவருக்கு வெறும் மூளை விஷயமா இல்லாம ஒரு பெரிய விடுதலையா இருந்திருக்கு. அப்புறம் பதினஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா விலகிட்டேன், ஆனா ஹெகல் என் யோசனையில நிரந்தரமா ஒரு படிவை விட்டுட்டுப் போயிட்டாருன்னு அதே இடத்துல சொல்றாரு. ஆத்துல வெள்ளம் வடிஞ்சாலும் வண்டல் நிக்குமே, அப்படி.

அந்த வண்டல்ல என்ன விளைஞ்சுதுன்னு பாக்கணும்னா 1896ல அவரு எழுதின ரிஃப்ளெக்ஸ் ஆர்க் கட்டுரையைப் பாருங்க. நாம தூண்டல் துலங்கல்னு உருப்போடுவோமே அதேதான் விஷயம். குழந்தை மெழுகுவத்தியைப் பாக்குது, கை நீட்டுது, சுடுது, கையை இழுக்குது. பாக்கறது தூண்டல், நீட்டறது துலங்கல், சுடறது தூண்டல், இழுக்கறது துலங்கல், வெட்டி வெட்டி வச்சாச்சு. டூயி சொல்றாரு, இருங்க, பாக்கறதே ஒரு செயல், கண்ணும் கழுத்தும் தலையும் சேர்ந்து ஏதோ பண்ணிக்கிட்டிருக்கறதுக்கு நடுவுலதான் அந்த வெளிச்சம் ஒரு தூண்டலா ஆகுது. சுட்ட அப்புறம் அந்த மெழுகுவத்தி குழந்தைக்குப் பழைய மெழுகுவத்தி இல்ல, "தொட்டா வலிக்கிற வெளிச்சம்"னு அதோட அர்த்தமே மாறிடுச்சு. தூண்டலும் துலங்கலும் ரெண்டு தனித்தனி பொருள் இல்ல, ஒரே சுத்துக்குள்ள நாம பிரிச்சுப் பாக்குற ரெண்டு வேலை. இதைப் படிக்கும்போது ஹெகல் பேரு ஒரு இடத்துலயும் வராது, ஆனா முழுசை முதல்ல எடு, துண்டுகள் அதுக்குள்ளதான் அர்த்தம் ஆகும்ங்கற அந்த நடை யாருதுன்னு தெரியாம இருக்காது. வெளியில சோதனைக்கூட கோட்டு, உள்ள ஹெகல் பனியன்.

அவரு கழட்டிப் போட்டது எதைன்னா, அப்சல்யூட். எல்லாம் கடைசியில போய்ச் சேர வேண்டிய, ஏற்கெனவே முழுசா இருக்கற அந்தப் பரம்பொருள் மாதிரியான முடிவு. டார்வினுக்கு அப்புறம் வளர்ச்சிக்கு முன்னாடியே எழுதி வச்ச முடிவு எதுக்கு, வளர்ச்சியே போதும்னு ஆயிடுச்சு அவருக்கு. உங்க டேபிள்ல உண்மையான வேறுபாடு ஒண்ணு வேணும்னா இது ஒண்ணு போதும், மத்த ஒம்பதும் தேவையில்ல.

இதுல ஃப்ரோபெல் எங்க வர்றாருன்னா நேரா நடுவுல வர்றாரு. சிகாகோவுல டூயி 1896ல ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினாரே, அதைப் பத்தி 1900ல அவரே ஒரு கதை சொல்றாரு. ஆரம்ப காலத்துல ஒரு அம்மா வந்து கிண்டர்கார்ட்டன் பாக்கணும்னு கேட்டாங்களாம். இன்னும் தொடங்கலைங்கன்னு சொல்லியிருக்காங்க. சரி, இங்க பாட்டு இருக்கா, படம் வரையறது இருக்கா, கைவேலை இருக்கா, விளையாட்டு நாடகம் இருக்கா, குழந்தைங்க ஒருத்தரோட ஒருத்தர் எப்படிப் பழகுறாங்கன்னு கவனிக்கிறீங்களான்னு அந்த அம்மா வரிசையா கேக்க, எல்லாத்துக்கும் ஆமாம்னு பதில். அதுக்கு அந்த அம்மா, நான் கிண்டர்கார்ட்டன்னு சொல்றதே இதைத்தானே, அப்புறம் என்ன இங்க கிண்டர்கார்ட்டன் இல்லைங்கறீங்கன்னு ஜெயிச்ச சந்தோஷமும் கோபமுமா கேட்டுட்டாங்களாம். ஒரு அர்த்தத்துல அந்த அம்மா சொன்னது சரிதான்னு டூயி ஒத்துக்கிறாரு, எங்க ஸ்கூல் முழுக்கவே ஃப்ரோபெல் கல்வித் தத்துவத்தோட வெளிப்பாடா எடுத்துக்கலாம்னு. 1916ல வந்த பெரிய புத்தகத்துல அவரே ஃப்ரோபெலையும் ஹெகலையும் ஒரே அத்தியாயத்துல வச்சு, குழந்தைக்குள்ள இருக்கற இயல்பான சக்திகளை உலகம் மதிக்க வச்சதுல ஃப்ரோபெலுக்கு ஈடு இல்லைன்னு சொல்லிட்டு, ஆனா அந்த சக்தி ஏற்கெனவே உள்ள சுருட்டி வச்ச ஒண்ணு விரியிறதா மட்டும் பாத்தா தப்புன்னு திருத்துறாரு. அண்ணன் தம்பி சண்டை மாதிரி, பாகம் பிரிக்கிறதுல தகராறு, வீடு ஒரே வீடுதான்.

ஜேம்ஸைப் பத்தி நிறைய எழுதல, ஏன்னா அவருதான் இந்தக் கதையில கொஞ்சம் அடங்காத பிள்ளை. தத்துவம் முன்னேற வழி கான்ட் வழியா இல்ல, கான்ட்டைச் சுத்திக்கிட்டுப் போறதுதான்னு 1898ல பெர்க்லியில சொன்னவர், அந்தப் பேச்சுலதான் பர்ஸ் பேரைச் சொல்லி பிராக்மாட்டிசத்தை ஊருக்கு அறிமுகமும் செஞ்சாரு. 1882ல ஹெகலை நக்கலடிச்சு ஒரு கட்டுரை எழுதிட்டு, அதுக்குக் கீழ நைட்ரஸ் ஆக்சைடு இழுத்துப் பாத்தப்போ ஹெகல் நல்லா புரிஞ்சுதுன்னு ஒரு குறிப்பும் போட்டாரு, குசும்பு ஜாஸ்தி. ஆனா அவருக்கும் பக்கத்து வீட்டுலயே ஒரு ஐடியலிஸ்ட் இருந்தாரு, ஜோசையா ராய்ஸ், லைப்சிக்லயும் கோட்டிங்கன்லயும் படிச்சவர், ஹார்வர்டுல சக ஆசிரியர். 1903ல நியூ ஹாம்ப்ஷயர்ல ரெண்டு பேரும் ஒரு சுவத்து மேல உக்காந்திருக்கும்போது ஜேம்ஸ் பொண்ணு கேமராவை அழுத்த, ஜேம்ஸ் சத்தமா, ராய்ஸ் உன்னைப் படம் பிடிக்கிறாங்க பாரு, அப்சல்யூட் நாசமாப் போகட்டும்னு கத்தியிருக்காரு. ராய்ஸ் திரும்புற அந்த போட்டோ இன்னிக்கும் இருக்கு. அந்த ராய்ஸே கடைசியில பர்ஸோட குறிக் கொள்கையை எடுத்துக்கிட்டு, தன்னோட நிலைக்கு அப்சல்யூட் பிராக்மாட்டிசம்னு பேரு வச்சுக்கிட்டாரு. இவரை எந்தக் கட்டத்துல போடுவீங்க, சொல்லுங்க.

ஜார்ஜ் மீட் பேரு உங்க சிலபஸ்ல சைக்காலஜி பேப்பர்ல சில சமயம் எட்டிப் பாக்கும். அவரு ராய்ஸ்கிட்ட படிச்சு, ஜேம்ஸ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்து, லைப்சிக் போயி, பெர்லின் போயி, அப்புறம் டூயி கூட சேர்ந்தவர். நான்ங்கறது பொறக்கும்போதே உள்ள இல்ல, அடுத்தவங்க என்னை எப்படிப் பாக்குறாங்களோ அதை நான் எனக்குள்ள வாங்கும்போதுதான் நான் உண்டாகுதுங்கறதுதான் அவரு சொன்னது. ஒருத்தரை இன்னொருத்தர் அங்கீகரிக்கிறதுலதான் தன்னுணர்வே பொறக்குதுன்னு ஹெகல் சொன்னதை கிளாஸ்ரூமுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் இறக்கி வச்ச மாதிரி.

ஒரு பக்கமாவே பேசுறேன்னு நீங்க சொல்லக்கூடாது, அதனால இதையும் சொல்லிடறேன். பிராக்மாட்டிசத்துக்கு பிரிட்டிஷ் பக்கத்துலேர்ந்தும் தண்ணி பாஞ்சிருக்கு. நம்பிக்கைங்கறது ஒருத்தன் எதை வச்சு செயல்படத் தயாரா இருக்கானோ அதுதான்னு சொன்ன ஸ்காட்லாந்து தத்துவக்காரர் அலெக்சாண்டர் பெய்னுக்கு பர்ஸே பெரிய கடன் பட்டிருக்காரு, 1872 வாக்குல அமெரிக்காவுல ஹார்வர்டு இருக்கற கேம்பிரிட்ஜ்ல கூடின பர்ஸ், ஜேம்ஸ் கிளப்ல பெய்ன் பேரு அடிபட்டுக்கிட்டே இருந்துச்சு. ஜேம்ஸ் 1907ல தன் புத்தகத்தை இங்கிலீஷ் தத்துவக்காரர் ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணாரு. டார்வின் எல்லார் வீட்டுலயும் இருந்தாரு. 1915ல போர் நேரத்துல டூயியே ஜெர்மன் தத்துவத்தைப் போட்டு வெளுத்தாரு, கான்ட் ரெண்டு உலகம்னு பிரிச்சு வச்சதுதான் உள்ள உயர்ந்த லட்சியம் வெளிய கண்மூடித்தனமான கீழ்ப்படிதல்னு ஆக்கிடுச்சுன்னு. எனக்கு அது கொஞ்சம் ஓவரா படுது. ஆனா ரெண்டு உலகமா பிரிக்காதேங்கற அந்தக் குற்றச்சாட்டே ஹெகல் கான்ட் மேல வச்ச பழைய குற்றச்சாட்டுதான்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. அம்பேத்கர் 1913லேர்ந்து 1916 வரைக்கும் கொலம்பியாவுல படிச்சப்போ டூயியோட மாணவர், 1936ல சாதி ஒழிப்புப் பத்தி எழுதினப்போ டூயியை என் ஆசிரியர், அவருக்கு நிறைய கடன்பட்டிருக்கேன்னு சொல்றாரு. ஜனநாயகம் வெறும் அரசாங்க முறை இல்ல, சேர்ந்து வாழற ஒரு முறைன்னு அதுல வர்ற வரி டூயியோட 1916 புத்தகத்துலேர்ந்து வந்தது. அதோட வேர் எங்கன்னு தேடினா 1888ல டூயி எழுதின ஒரு கட்டுரைக்குப் போகும், அப்போ அவரு முழுசா ஹெகல் பக்கம். ஜனநாயகம்னா தலைகளை எண்றதுதானேன்னு சொன்ன இங்கிலீஷ் சட்ட அறிஞர் ஹென்றி மெய்னுக்கு பதிலா, சமூகம்ங்கறது மணல் குவியல் மாதிரி தனித்தனி ஆளுங்க இல்ல, ஓர் உயிர் மாதிரி, ஒவ்வொருத்தருக்குள்ளயும் முழுசும் இருக்குன்னு வாதாடினாரு. நம்ம பிள்ளைங்க அம்பேத்கரை ஒரு பேப்பர்லயும் டூயியை இன்னொரு பேப்பர்லயும் ஹெகலை எதிர்க் கட்டத்துலயும் படிச்சா இந்த நூலு எப்படித் தெரியும்.

தமிழ்ச் சொல்லு பத்தியும் ஒரு வார்த்தை. ஐடியலிசத்தை நாம இலட்சியவாதம்னு எழுதுறோம், உடனே பிள்ளைங்க காந்தி, உயர்ந்த குறிக்கோள், நல்லொழுக்கம்னு போயிடுறாங்க. அதே சொல்லை மார்க்சியப் புத்தகங்கள்ல கருத்துமுதல்வாதம்னு போடுறாங்க, அது கொஞ்சம் கிட்ட வருது, ஆனா அதுல திட்டுற தொனி சேர்ந்துக்குது. பிராக்மாட்டிசத்தைப் பயன்னு ஆரம்பிச்சா லாபம்னு போகுது, மில்லோட பயன்பாட்டுவாதத்தோட குழம்புது. சொல்லை மாத்துங்கன்னு நான் கேக்கல, ஐடியலிசம், பிராக்மாட்டிசம்னே தமிழ் எழுத்துல வச்சுக்கிட்டாலும் எனக்குச் சரிதான். பர்ஸே ஜேம்ஸ் கூட்டம் அவரோட வார்த்தையைக் கெடுத்துட்டாங்கன்னு 1905ல பிராக்மாட்டிசிசம்னு இன்னொரு பேரு வச்சாரு, இது அசிங்கமா இருக்கு, யாரும் கடத்திட்டுப் போக மாட்டாங்கன்னு.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. டேபிளைத் தூக்கிப் போடச் சொல்லல, அவசரத்துக்கு ரிவைஸ் பண்ண டேபிள் வேணும், நானும் டீச்சர்தான். பிராக்மாட்டிசம் யூனிட்ல செயின்ட் லூயிஸ் பத்தி அரைப் பக்கம், ஹாரிஸ் பேரு ஒரு தடவை, கான்ட்டோட அந்த டாக்டர் ஒரு பத்தி, டூயி ஹெகலைப் பத்தி 1930ல சொன்னது ரெண்டு வரி, இவ்ளோ போதும். "வேறுபாடுகளை எழுதுக"ங்கற கேள்விக்குப் பக்கத்துல, ஒரு வருஷமாவது, ஃப்ரோபெலிடமிருந்து டூயி எதை எடுத்துக்கொண்டார் எதை விட்டார்னு ஒரு கேள்வி வையிங்க. அந்தக் கிண்டர்கார்ட்டன் பாக்க வந்த அம்மா கதையை எழுதினாலே அஞ்சு மார்க் போடலாம். திருத்துறவங்களுக்குக் கொடுக்கிற விடைக்குறிப்புலயும் இதைச் சேர்த்துடுங்க, இல்லன்னா மறுபடியும் சிவப்பு இங்க்தான்.

என் தங்கச்சி பொண்ணுக்கு அடுத்த மாசம் பரீட்சை. டேபிளை அப்படியே எழுதிட்டு வாடின்னுதான் சொல்லி வச்சிருக்கேன், வேற வழியில்ல.

இப்படிக்கு,
பத்துக்கு மூணரை வாங்கின ஒரு டீச்சர்

பி.கு.: வேற எதையும் மாத்த நேரமில்லைன்னா பியர்ஸை பர்ஸ்னாவது மாத்திடுங்க, அதுக்கு மீட்டிங் எல்லாம் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்.